செங்காட்டு ராசாவின் இரண்டு ராணிகள்

“வைடா வேட்டிய!”

“மதினி, சாமி காரியம், கையப் புடிச்சு இழுக்காதீங்க...”

“எம் புருசன் வேட்டிடா அது!”

“இந்த வாரம் அவரு ஒங்க புருசன் இல்ல மதினி, செங்காட்டு ராசா, நான் அவரு...”

“நீ அவரு யாரு? வாயத் தொறந்து சொல்லு பாப்பம்!”

“பொண்டாட்டி” என்றான் அழகன். மீசையை வழித்திருந்த மேலுதட்டில் சோப்பு நுரை ஒட்டியிருந்தது. “நானாவா சொல்றேன்? கோயில் கணக்கு.”

தண்ணீர் விழும் பீலியடியில் குடத்தோடு நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராக்காயி சிரித்த சிரிப்பில் இடுப்புக் குடம் சாய்ந்து பாதித் தண்ணீர் காலில் கொட்டிவிட்டது. காளியாயி ஒருத்திதான் சிரிக்கவில்லை. வேட்டியின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை அழகன் கையில். அழகன் இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தது அவளுடைய கூறைச்சேலை.

“என்னடி காளியாயி, சக்களத்திச் சண்டையா?” என்றாள் ராக்காயி. “சக்களத்தி ஒன்னவிட நல்லாத்தான் தொவைக்கிறா.”

“நீ பேசாம இருக்கா. இவனுக்கு ரொம்பத்தான் எளக்காரம் ஏறிப்போச்சு.”

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதக் கூத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை நடக்கும். முதல் ஞாயிறு செங்காட்டு ராசாவுக்குப் பட்டம் கட்டுவார்கள். இரண்டாம் ஞாயிறு தம்பிமார் சதி செய்து அவரை நாட்டை விட்டுத் துரத்துவார்கள். மூன்றாம் ஞாயிறு ராசா திரும்பி வருவார். முன்னோர் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி இலங்கைக்கு வந்த காலத்தில் இதை விடிய விடிய ஆடினார்களாம். ராத்திரி தப்படித்தால் மறுநாள் கொழுந்து குறைகிறது என்று ஒரு தொரை தடுத்து வைத்ததிலிருந்து எல்லாம் வெயிலில்தான். அரிதாரம் வழிந்து கழுத்தில் இறங்கினாலும் ராசா ராசாதான்.

துரத்தப்பட்ட ராசா, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குள் காலடி வைக்கக் கூடாது. தோட்டத்து எல்லையில், ஆற்றோரமாக, தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்திகளைப் போட்டு வைத்த பழைய கொட்டகை ஒன்று இருக்கிறது. அதுதான் வனம். ராசா கட்டியவரும் ராணி கட்டியவரும் ஒரு வாரம் அங்கே கிடக்க வேண்டும். அங்கிருந்தே வேலைக்குப் போய் அங்கேயே திரும்ப வேண்டும். பொங்கிப் போடுவதும் துணி துவைப்பதும் ராணி பாடு. வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் ராணி சேலையோடுதான் இருக்க வேண்டும். ராசா தன் வீட்டு ஆளோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது, தன் வீட்டுச் சோற்றைத் தொடக் கூடாது. கையில் கட்டிய காப்பு மூன்றாம் ஞாயிறு அவிழும் வரை அவருக்கு வீடு என்று ஒன்று கிடையாது.

காளியாயி புருசன் செல்லசாமிதான் நாலைந்து வருசமாக ராசா. அழகன்தான் ராணி. அவனுக்கு முன்னால் ராணி கட்டியவன் தாடை அகன்றவன், பார்த்தாலே பிள்ளைகள் பயந்து அழும். அழகன் அப்படியில்லை. சேலையைக் கட்டிக்கொண்டு நாலு எட்டு வைத்தான் என்றால் கிழவர்களே நிமிர்ந்து உட்காருவார்கள்.

அதெல்லாம் போன வருசம் வரைக்கும் காளியாயிக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. இந்த வருசம் கூத்து வாத்தியார் முத்துலிங்கம் வாசலில் வந்து நின்றார்.

“கோயில் சேலைய எலி தின்னுருச்சு தாயி. ராணிக்கு ஒரு சேலை வேணும். பட்டா இருந்தா நல்லது.”

பட்டு என்று அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. எடுத்துக் கொடுத்தாள். வனத்தில் அவர் பக்கத்தில் தன்னுடையதாக ஏதாவது ஒன்று இருக்கட்டுமே என்று நினைத்துத்தான் கொடுத்தாள். தாலி கட்டிய அன்றைக்கு உடுத்திய சேலையை வேறொருவர் இடுப்பில் பார்த்தால் வயிறு எப்படி எரியும் என்பது கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். நாடு நீங்கிய ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கதைப்படி ராசா ராணியிடம் உண்மையைச் சொல்லமாட்டார். “வேட்டைக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்பிருவேன்” என்பார். “வில்லை விட்டுட்டு வேட்டைக்குப் போற ராசாவ நான் பாத்ததில்லையே” என்று ராணி காலைப் பிடிப்பாள். “காடு கல்லும் முள்ளும். நீ அரமனையிலயே இரு” என்பார் ராசா. “நீங்க இல்லாத அரமனை எனக்கு எதுக்கு?” என்பாள் ராணி. அந்த இடத்தில் ராசா அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைக்க வேண்டும். முத்துலிங்கம் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

செல்லசாமி துடைக்கவில்லை. அழகன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான். மூக்குச்சளி வழிய, அடுத்த பேச்சு வராமல், முதுகு குலுங்க அழுதான். தப்படிக்கிறவன் கை நின்றுபோனது. பெண்கள் எல்லோரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். “ஆடுறான்டா! இதுதான்டா ராசா!” என்று ஆண்கள் தொடையில் தட்டினார்கள்.

காளியாயி வறண்ட கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்து மூச்சு விடாத பிள்ளையைத் தேயிலைக்கடியில் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கு இந்த மனுசன் கையைக் கழுவிக்கொண்டு சாயத்தண்ணி கேட்டவன். அவளுடைய அப்பன் செத்தபோது பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவன். இத்தனை கண்ணீரை இவ்வளவு காலம் எங்கே வைத்திருந்தான்? அதை எடுத்துக்கொண்டு போய் யார் தோளில் கொட்டினான்?

அதனால்தான் திங்கட்கிழமை சாயந்தரம் பீலியடியில் அழகனைக் கண்டதும் அவளுக்கு அப்படிப் பொங்கியது.

“ஞாயித்துக்கெழம வரைக்குந்தான்டா ஒனக்கு இந்தப் பவுசு” என்றாள் வேட்டியைச் சுண்டி இழுத்து. “காப்பு அவுந்ததும் அவரு வேட்டிய நான்தான் தொவைக்கப் போறேன். அப்ப பாக்குறேன் ஒன்ன.”

அழகனுக்கும் கோபம் வந்துவிட்டது. எல்லாப் பெண்களும் பார்த்துச் சிரிக்கிறார்களே.

“ஞாயித்துக்கெழமையோட முடியுதாக்கும்? அதுக்கப்புறம் அண்ணனுக்கு யாரு பொங்கிப் போடப் போறா, யாரு தொவச்சுப் போடப் போறா? நான்தானே...”

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“என்னடா சொன்ன?”

“ஒண்ணுமில்ல.”

“இல்ல, இப்ப ஒண்ணு சொன்ன.”

“வேட்டிய நீங்களே வச்சுக்கங்க மதினி” என்று கையை விட்டுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஆற்றுப் பக்கம் இறங்கிப்போனான்.

வேட்டியை வென்றாயிற்று. வென்றதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அவள் கை பட்டுவிட்டது, இனி விரதக்காரன் அதைக் கட்டமாட்டான். ஈர வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்தில் தன் ஒற்றையறைக் காம்பராவுக்கு வந்து கொடியில் விரித்தாள். அந்த வாரம் முழுக்க அது அங்கேயே தொங்கியது.

சனிக்கிழமை அரைநாள் வேலை. ஆரத்திச் சாமான் வாங்க காளியாயி பஸ் ஏறி அட்டன் டவுனுக்குப் போனாள். ராசா திரும்பி வரும்போது அவர் வீட்டுப் பெண்தான் எல்லையில் ஆரத்தி எடுக்க வேண்டும். சூடமும் மஞ்சளும் வழக்கமாக வாங்குவது ஹமீது நானா கடையில். அரிசி முதல் ஆணி வரை அங்கே கிடைக்காதது இல்லை.

“வாங்க தங்கச்சி, வாங்க” என்றார் ஹமீது. “பெட்டியப் பாக்க வந்தீங்களா? பெயிண்டு இன்னும் காயல்ல. திங்கக்கெழமதான் எடுக்கலாம்.”

“எந்தப் பெட்டி நானா?”

“ஒங்க ஊட்டுக்காரரு சொன்ன பெட்டிதான். தகரம் நல்ல தடிச்ச தகரம். கடல் காத்துக்குத் துரு ஏறாது.”

கடைக்குள் எட்டிப் பார்த்தாள். பச்சை நிறத்தில் இரண்டு தகரப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மூடியில் வெள்ளை எழுத்து. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஒன்றில் செல்லசாமி என்றிருந்தது. அதற்குக் கீழே தோட்டத்துப் பேர், அதற்கும் கீழே, இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னார். மற்றதைப் படிக்கும்போது முதல் எழுத்து அவளுடையதாக இருக்கும் என்றுதான் நினைத்தாள். அழகன் என்றிருந்தது.

“கப்பல்ல பெட்டி மாறிப் போகும், அதனால பேர நல்லாப் பெருசா எழுதுங்க நானான்னு சொன்னாரு” என்று ஹமீது சொல்லிக்கொண்டே போனார். “ஒங்கட பெட்டிய வேற கடையில சொன்னாரா? நம்மக்கிட்டச் சொல்லியிருந்தா மூணுக்கும் சேத்து வெலையக் கொறச்சுப் போட்டிருப்பேனே. எல்லாரும் ஒண்ணாத்தானே போறீங்க?”

ஹமீது அவள் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த சூடத்தைக் கடதாசியில் மடித்தார், மடித்ததைப் பிரித்து இன்னும் இரண்டு கட்டி போட்டு மறுபடி மடித்தார்.

“யா அல்லா” என்றார் மெதுவாக. “நான் ஒண்ணும் சொல்லல்ல தங்கச்சி. நீங்க ஒண்ணும் பாக்கல்ல. வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு பிளேன்டி குடிச்சிட்டுப் போங்க.”

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு எல்லாம் ஒவ்வொன்றாகக் கூடி வந்தது.

காளியாயியின் அப்பன் வாழ்க்கையில் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம், தோட்டத்தில் கொடுத்த துண்டுச் சீட்டு ஒன்றையும் தொலைக்காமல் வைத்திருந்ததுதான். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதச் சொன்ன காலத்தில் சின்னப் பிள்ளையாக இருந்த மகளையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். அவருக்குக் கிடைத்தது, அவளுக்கும் கிடைத்தது. செல்லசாமிக்குக் கிடைக்கவில்லை. இளவட்ட வயதில் அவனும் அழகனும் தோட்டத்தை விட்டு ஓடிப்போய் கினிகத்தேனையில் ஒரு கடையில் மூட்டை தூக்கினார்கள். ஒரே சாக்கில் படுத்து ஒரே பீங்கானில் சாப்பிட்ட காலம் என்று இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் நாட்டில் இருந்ததற்கு இருவரிடமும் அத்தாட்சி இல்லை. இரண்டு பேருடைய மனுவையும் தள்ளிவிட்டார்கள்.

பல வருசம் கழித்து, கல்யாணமான பிறகு, அவளுக்குப் பத்திரம் வந்த அன்றைக்கு அவள் அவனைக் கேலி செய்தாள். “இனிமே இது எந் நாடு. நீங்க எங் காம்பராவுல ஒண்டிக் குடித்தனம், தெரிஞ்சுக்கங்க” என்றாள். அவனும் சிரித்துக்கொண்டே கையைக் கட்டி, “உத்தரவு மகாராணி” என்றான். அதற்குப் பிறகு சண்டை வரும்போதெல்லாம் அந்தப் பேச்சு அவள் வாயில் வந்தது. அவன் சிரிப்பது மட்டும் எப்போது நின்றதென்று அவள் கவனிக்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியவள் லயத்துக்குப் போகவில்லை. சாமான் பையோடு தேயிலைக்குள் புகுந்து நேரே ஆற்றை நோக்கி இறங்கினாள். வனத்துக்கு வீட்டு ஆள் போகக் கூடாது. போனாள்.

கொட்டகை வாசலில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தது. அவளுடைய சேலையை உடுத்திக்கொண்டு அழகன் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தான். எதிரே செல்லசாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேங்காய் துருவினான். அழகன் என்னவோ சொன்னான். செல்லசாமி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். வீட்டில் ஒரு நாளாவது அவன் தேங்காய் துருவியிருக்கிறானா என்று நினைத்துப் பார்த்தாள். இல்லை. இப்படிச் சிரித்தும் வெகுகாலம் ஆகிவிட்டது.

அவளைக் கண்டதும் செல்லசாமி எழுந்துகொண்டான். ஆற்றைப் பார்க்கத் திரும்பி முதுகைக் காட்டி நின்றான்.

“ஏங்க” என்றாள் காளியாயி. “ஹமீது நானா கடையில ரெண்டு பெட்டி பாத்தேன். பச்சப் பெட்டி.”

முதுகு அசையவில்லை.

“மதினி, நீங்க இங்க வரக் கூடாது...” அழகன் மாவுக் கையோடு எழுந்தான். “அண்ணன் பேசக் கூடாது மதினி, காப்பு...”

“தெரியும்டா. அவரு பேச வேணாம். நீதானே ராணி? ராசாவுக்குப் பதிலா நீ பேசு.”

“நாளைக்குக் காப்பு அவுந்ததும் அண்ணனே...”

“நாளைக்குப் பேசுறவரு நேத்துப் பேசியிருப்பாரு. நீ சொல்லு. எப்ப கப்பலு?”

அழகன் செல்லசாமியின் முதுகைப் பார்த்தான்.

“பங்குனி கடசிக்குள்ள” என்றான். “இங்க இருக்கக் குடுத்த பெர்மிட்டு முடியுது மதினி. அதுக்கு மேல ஒரு நாளும் இருக்க முடியாது. எனக்கும் அப்பிடித்தான். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கண்டிக்குப் போயி இந்தியாவுக்கு எழுதிக் குடுத்தோம்.”

“எப்ப போனீங்க?”

“போன வருசம். தீவாளிக்கு முந்தி.”

“தீவாளிக்கு முந்தி.” காளியாயி தலையை ஆட்டினாள். “எனக்குச் சேலை எடுக்கப் போறேன்னு கண்டிக்குப் போனாரே, அன்னைக்கா? சேலை ஒண்ணும் புடிக்கலன்னு வெறுங்கையோட வந்தாரே. வேட்டைக்குத்தான் போயிருக்காரு மனுசன்.”

“அண்ணன் மேல கோவிச்சுக்காதீங்க. தள்ளிட்டாங்கன்னா வேற என்ன வழி? நாடுன்னு ஒண்ணு எல்லாருக்கும் வேணுமில்ல?”

“அதை நான் கேக்கல. எனக்கு ஏன் சொல்லலன்னு கேக்குறேன்.”

அழகன் கையிலிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டே பேசினான். “நீங்க பிரஜை மதினி. இங்க ஒங்களுக்குப் பேரு இருக்கு, காம்பரா இருக்கு. எங்களோட வந்தீங்கன்னா அதையெல்லாம் விட்டுட்டுத்தானே வரணும்? விட்டுட்டு வந்தா திரும்பி வர முடியாது. அங்க எங்களுக்கு யாரு இருக்கா? ஊருப் பேரத் தவிர அண்ணனுக்கு ஒண்ணுந் தெரியாது. தெரிஞ்சா அவ வரேன்னு நிப்பா, அவளாச்சும் ஒரு நாட்டோட இருக்கட்டும்டா, போயி எறங்கிட்டுச் சொல்லிக்கலாம்னு...”

“அப்பிடின்னு சொன்னாரு.”

“ஆமா.”

“ஒங்கிட்டச் சொன்னாரு.”

“ஆமா மதினி.”

“அழுதுக்கிட்டே சொன்னாரா?”

அடுப்பில் ரொட்டி கருகும் வாசனை வந்தது. இரண்டு பேரும் அதைத் திருப்பவில்லை.

“ஆமா” என்றான் அழகன்.

“அது எனக்குச் சேர வேண்டிய அழுகைடா” என்றாள் காளியாயி. குரல் ஏறவில்லை, பீலியடியில் போட்ட கூச்சலில் கால்பங்கு இல்லை. “சேலை போகட்டும். வேட்டி போகட்டும். அந்த அழுகை எனக்குள்ளது. அத நீ ஏன்டா வாங்கிக்கிட்ட?”

அழகன் பதறிப்போய் முந்தானையை அவிழ்க்கப் பார்த்தான். “சேலைய இப்பவே குடுத்துர்றேன் மதினி. வாத்தியார் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.”

“கட்டிக்க. கப்பல்லயும் அதையே கட்டிக்கிட்டுப் போ. பொருத்தமாத்தான் இருக்கு.”

அப்போது செல்லசாமி திரும்பாமலே வலது கையை மட்டும் உயர்த்தினான். மணிக்கட்டில் மஞ்சள் தடவிய காப்புக் கயிறு தெரிந்தது. என்னைப் பேச வைக்காதே என்று கெஞ்சுகிற மாதிரி அந்தக் கை காற்றில் நின்றது.

“பாத்தேன், பாத்தேன்” என்றாள் அவள். “ஒங்க கையில ஒரு மஞ்சக் கயிறு. எங் கழுத்துலயும் ஒண்ணு கெடக்கு. அதுக்கு என்ன கணக்குன்னு ஒங்க வாத்தியாரக் கேட்டு வைங்க.”

பையை எடுத்துக்கொண்டு ஏறினாள். பாதி மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தபோது செல்லசாமி அடுப்படியில் உட்கார்ந்திருந்தான். அழகன் அவன் தோளில் கை வைத்துக் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். தேற்றுகிறானாம். அவளுக்கு இறங்கிப்போய் அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. எவ்வளவோ நேரம் அந்தத் தேயிலைக்குள் நின்றாள். வனத்துக்குப் போகிறவனைப் பார்த்து அழுவதற்கு ஊரே இருக்கிறது. கூடப் போவதற்கு ஒருத்தன் இருக்கிறான். நாட்டோடு நிற்கிறவளுக்குத்தான் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே முத்துலிங்கம் வந்துவிட்டார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தார்.

“ஞாபகம் இருக்கா தாயி? ராசா எல்லைக்கு வந்ததும் மேளம் நிக்கும். நீ ஆரத்தி சுத்தணும். சுத்திட்டு, ‘ராசாவே, இனி எங்கள விட்டுட்டுப் போவீங்களா’ன்னு ஊருக்காகக் கேக்கணும். அவரு மாரியம்மன் சாட்சியா ‘போகமாட்டேன்’னு சொல்லுவாரு. அப்பறந்தான் காப்ப அறுப்பேன், முடி வைப்பேன்.”

“வருசா வருசம் கேக்குறதுதானே.”

“இல்ல, போன வருசம் நீ கேட்டது ஒனக்கே கேக்கல. கடைசி லயத்து ஆளுக்கும் கேக்குற மாதிரிக் கேளு.”

காளியாயி தட்டில் மஞ்சள் தண்ணீரைக் கரைத்தாள். சுண்ணாம்பு போட்டதும் அது சிவந்தது.

“வாத்தியாரே, காப்பு கட்டினவரு அந்த எடத்துல பொய் சொன்னா என்ன ஆகும்?”

“என்ன கேள்வி இது?” முத்துலிங்கம் சிரித்தார். “அம்மன் முன்னாடி காப்புக் கட்டின வாயி பொய் சொல்லுமா? சொன்னா நாக்கு இழுத்துக்கும். எங்க அப்பா காலத்துல ஒருத்தனுக்கு...” என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “ஏன் தாயி?”

“சும்மாதான் கேட்டேன்.”

மத்தியானம் தப்புச் சத்தம் ஆற்றுப் பக்கமிருந்து ஏறி வந்தது. லயத்தில் ஒரு பிள்ளை மிச்சமில்லை, எல்லாம் கோயிலடியில் இருந்த லயத்து எல்லைக் கல்லில் கூடிவிட்டது. மேட்டு லயத்து ஆட்களும் வந்திருந்தார்கள். தேயிலைக்கு நடுவில் ஒற்றையடிப் பாதையில் முதலில் தப்புக்காரர்கள் தெரிந்தார்கள், பின்னால் ராசாவும் ராணியும். ஒரு வார வெயிலில் கறுத்து, தாடி வளர்ந்து, செல்லசாமி நிஜமாகவே காட்டிலிருந்து வருகிறவன் மாதிரி இருந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, சரிகை மின்ன, அழகன் தலைகுனிந்து நடந்து வந்தான்.

“ராணியப் பாருங்கடி, வெக்கத்த!” என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, பெரிய சிரிப்பு.

“கூட்டிக்கிட்டுப் போனாலும் இப்பிடி ஒருத்தியக் கூட்டிக்கிட்டுப் போகணும்டா” என்றது ஓர் ஆண் குரல். “கொழுந்து எடுத்துட்டு வந்து கஞ்சியும் காச்சும்.”

ராக்காயி முழங்கையால் இடித்தாள். “ஏண்டி, ஒரு வாரம் பட்டினி கெடந்த புருசன் வாறாரு, மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வையேன். காப்பு அறுந்துட்டா அப்பறம் ஒன் ராச்சியந்தானே?”

“ஆமாக்கா. என் ராச்சியந்தான்.”

மேளம் நின்றது. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் ராசாவும் ராணியும். இந்தப் பக்கம் காளியாயி. ஆரத்தித் தட்டில் சூடம் எரிந்தது. மூன்று சுற்றுச் சுற்றினாள். அழகன் மெல்லத் தன் கையை ராசாவின் கையிலிருந்து உருவிக்கொண்டு ஓரடி பின்னால் நின்றுகொண்டான்.

ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் செல்லசாமி அவள் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ராசா இல்லை. எந்தக் கேள்விக்கு அவன் பயப்படுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் கேட்டால் அவன் சொல்லித்தான் ஆக வேண்டும். போகமாட்டேன் என்றால் அம்மன் முன்னால் பொய். போவேன் என்றால் ஊர் முன்னால் கூத்து கெட்டது. கேள் என்று அவளுக்குள் ஒருத்தி சொன்னாள். கேள், மாட்டிக்கொண்டு முழிக்கட்டும்.

அவன் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்தாள். அவனைப் பொய் சொல்ல வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. சும்மா விடவும் வரவில்லை.

“கேளு தாயி” என்று முத்துலிங்கம் பக்கத்திலிருந்து முணுமுணுத்தார். “சத்தமாக் கேளு.”

காளியாயி தட்டைத் தரையில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கடைசி லயத்து ஆளுக்கும் கேட்கிற குரலில் கேட்டாள்.

“ராசாவே, மறுபடியும் நாட்ட விட்டுப் போறப்ப, இந்த ரெண்டு பொண்டாட்டியில யாரக் கூட்டிக்கிட்டுப் போவீங்க?”